முனி போட்டுப் பார்த்த சப்பாத்து

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மலையேறவும், ஏறிய மலையில் சும்மா ஓடவும் நம்ம பக்கம் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை நம்பி, பதுளையில் சப்பாத்துக் கடை வைத்திருந்த வாஹித் நானா மலையில் ஓடுகிற சப்பாத்து ஒரு சோடி தருவித்தார். நன்றாக இருந்தால் பெட்டி பெட்டியாக எடுக்கிற யோசனை.

பாரமே இல்லை என்றார். பக்கத்துக் கடைத் தராசில் வைத்தோம். முள் அசையவில்லை. ஓர் ஈ வந்து சப்பாத்தின் மேல் உட்கார்ந்தது. அப்போது அசைந்தது.

ஓடிப் பார்க்க அவர் என்னைக் கூப்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. அவர் விற்ற சப்பாத்து எதுவும் என் காலில் ஒரு மழையைத் தாண்டியதில்லை. என் காலில் பிழைத்தால் எவன் காலிலும் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. பேச்சு இதுதான்: பண்டாரவளையிலிருந்து இருவரும் ரயிலில் வருவது. தெமோதரை ஸ்டேஷனில் நான் மட்டும் இறங்குவது. அங்கே ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழையும். அதற்குள் நான் தேயிலை வழியாக நேரே கீழே ஓடிச் சுரங்க வாசலில் நிற்க வேண்டும். சப்பாத்துக் கிழியாமல் நின்றால், அது எனக்கே. எனக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. ஆனால் அந்தச் சப்பாத்தின் மேல் வந்த ஆசை, கல்யாணத்தின்போதுகூட எனக்கு வந்ததில்லை. என் பெண்சாதி கருப்பம்மாவிடமே அதைச் சொல்லியிருக்கிறேன்.

ரயில் புறப்பட்டது, நானும் புறப்பட்டேன். கால் தரையில் பட்டதா என்று எனக்குத் தெரியாது. அட்டைகள் எழும்பிப் பார்த்துவிட்டு, இவனைப் பிடிக்க முடியாது என்று திரும்பிப் படுத்துக்கொண்டன. பாதி வழியில் மரத்தடியில் முனியாண்டி. முனியைச் சப்பாத்துக் காலோடு தாண்டுகிறவன் எங்கள் தோட்டத்தில் பிறக்கவில்லை. கழற்றினேன், வைத்தேன், கும்பிட்டேன், ஓடினேன்.

கீழே கவ்வாத்து மலை. வெட்டிய தேயிலைக் குச்சி ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நிற்கும். ஒன்றும் குத்தவில்லை. மழைத் தண்ணீர் ஓடுகிற கான்களைத் தாண்டினேன், கல்லில் குதித்தேன், காலில் பூ வைத்த மாதிரிதான் இருந்தது. சுரங்க வாசலில் நின்று வெற்றிலை மடித்து வாயில் போட்ட பிறகுதான் ரயில் வந்தது.

மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த வாஹித் நானா கேட்டார். "அண்ணே, சப்பாத்து எங்க?"

"கால்லதான். போட்டதே தெரியல."

அவர் கையை நீட்டிக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். என் கால் இருந்தது. ரயில் அவரைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்விட்டது.

அவர் உடுவரையில் இறங்கி ஓட்டோ பிடித்து வருவதற்குள் நான் மேலே ஏறினேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கந்தப்பன் முந்திவிட்டான். சப்பாத்து இரண்டின் மூக்கிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம், பக்கத்தில் சூடம். அவசரத்தில் நான் அதைக் காணிக்கைக் கல்லில் வைத்திருக்கிறேன். நேர்ந்துகொண்டவர்கள் முனிக்குச் செருப்பு வைக்கிற கல் அது. ராத்திரி தோட்டத்தைச் சுற்றிவர அவருக்குச் செருப்பு வேண்டும்.

"ஓட்டத்துல வச்சுட்டேன் மச்சான். குடுத்துடு."

"ஓட்டத்துல வச்சாலும் கல்லு கல்லுதானே? தெரியாத ஆளா நீ?"

சாமியிடமே கேட்கலாம் என்றேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் எனக்கு. அதற்குள் வந்துவிட்ட வாஹித் நானா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிவப்பு வந்தது. இன்னொரு தடவை கேட்கலாமே என்று அவர்தான் சொன்னார். அதுவும் சிவப்பு.

வாஹித் நானா கொஞ்ச நேரம் சப்பாத்தைப் பார்த்தார். "சரி, அவரு நடக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு காலம் தாங்கும் எண்டுதானே."

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தரம் வருவார். கும்பிட மாட்டார், தொட மாட்டார். தள்ளி உட்கார்ந்து குனிந்து அடியைப் பார்ப்பார். செம்மண் ஏறியிருக்கும். ஒரு தடவை மேல் மலைத் தேயிலைக் கொழுந்து ஒட்டியிருந்தது. கந்தப்பன்தான் ராத்திரியில் போட்டுக்கொண்டு திரிகிறான் என்றாள் கருப்பம்மா. கந்தப்பனின் பாதம் பலாக்காய் அகலம். அவனுடைய கட்டைவிரலுக்கே அந்தச் சப்பாத்துப் பத்தாது. வாஹித் நானா பெட்டி பெட்டியாகத் தருவித்து, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விற்றார். யார் போட்டுப் பார்த்தது என்று கேட்டவர்களிடம், தோட்டத்தில் பெரிய ஆள் ஒருவர் என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த திருவிழாவுக்கு யாரோ நேர்ந்து புதுத் தோல்செருப்பு வைத்தார்கள். புதுசு வந்தால் பழையது, வைத்தவனுக்கே பிரசாதம். கந்தப்பன் தேங்காய் மூடியோடு சப்பாத்தையும் என் கையில் கொடுத்தான்.

போட்டுப் பார்த்தேன். எங்கும் கிழியவில்லை. இடது குதி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. முனிக்கு முழங்காலில் ஏதோ கோளாறு போல. நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்கும் அதே காலில்தான் வலி. நடக்க வாகாக இருக்கிறது.