வெண்கலத் தொண்டை

அவரைக் கட்டிக்கொண்ட நாள் முதல் கத்திக் கத்தியே அவளுக்கு அப்படியொரு தொண்டை வாய்த்துவிட்டது. அவர் பத்திரிகை அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவருடைய காதை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. அதை அவர் ஒப்புக்கொண்டால்தானே! "இந்தக் காலத்துல எவனும் வாயத் தொறந்து பேசறதில்ல, முணுமுணுக்கறான்" என்பார். மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷின் அலமாரியில் டப்பா பிரிக்காமல் தூங்கியது.

நகரத்தில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஜன்னலுக்குக் கீழேயே பெரிய சாலை. பஸ்ஸும் லாரியும் போடுகிற கூச்சலில், தையல் மெஷினை மிதித்தபடியே அவள் அவரைத் திட்டலாம், கொஞ்சலாம், மாமியாரின் பழைய கணக்கையெல்லாம் தீர்க்கலாம். ஈ காக்காய்க்குக் கேட்காது. துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் மட்டும் "வெண்கலம் அக்கா" என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அவர்களோடு பேசிச் சிரித்ததில்தான் அவள் பொழுது போனது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் ஆரம்பித்தார். "எனக்கு அமைதி வேணும். கிராமத்துப் பக்கம் போயிடலாம்."

காது நிறைய அமைதியை வைத்துக்கொண்டு மனுஷன் அதைத் தேடிக் கிளம்பினார். அவள் மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு வருஷம் இருந்து பார்ப்பது என்று பேச்சு. பிடிக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிவிடலாம். அதுவரை நகரத்து வீடு பூட்டியே கிடக்கும். தையல் மெஷினை அவள் வேண்டுமென்றே அங்கேயே விட்டுவந்தாள்.

வந்த வாரமே மானம் கப்பலேறியது. "இன்னிக்காவது வயிறு சரியாப் போச்சா?" என்று காலையில் குளியலறை வாசலில் நின்று வழக்கம்போலக் கேட்டாள். சாயங்காலம் மளிகைக் கடைக்காரர், "சாருக்கு வயிறு இப்ப எப்படிம்மா?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்தத் தெருவில் இலை விழுந்தால் கேட்கும். அதை அவள் யோசிக்கவே இல்லை.

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனசு, தோட்டத்துக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினாள். "எல்லாம் பூச்சி! குப்பையிலதான் போடணும்!" என்று இவள் தன் கணவருக்குச் சேதி சொன்னது மதிலைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் அந்தப் பெண் முகம் வாடி நின்றதைப் பார்த்தபோது இவள் கூனிக் குறுகிப் போனாள். அன்றோடு வாயை மூடினாள்.

எழுதிக் காட்டியும் பார்த்தாள். "நான் என்ன செவிடனா?" என்று அவர் தாளைக் கிழித்துப் போட்டார்.

எப்படிச் சொல்வது? இந்த ஊர் பிடிக்கவில்லை என்று அவருக்குக் கேட்கச் சொன்னால் ஊருக்கே கேட்கும். கேட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நாளை, நாளை என்று தள்ளிப்போட்டாள். அவரோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இங்க வந்தப்புறம் இவ சாந்தமாயிட்டா, பாருங்க" என்று பெருமையடித்துக்கொண்டார்.

வருஷம் முடியப் போகிறது. வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது, இன்று சொல்லியே தீருவது என்று அவள் துணிந்த காலையில் மகள் கூப்பிட்டாள். அவர் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அப்பா, வீடு வாங்கினவங்க சாமானை எடுக்கச் சொல்றாங்க. அம்மாவோட தையல் மெஷினை என்ன பண்றது?"

அவள் போன் பக்கம் ஓடி வந்தாள். "வித்துட்டீங்களா?"

"நீதான் சரின்னு சொன்னேன்னு அப்பா சொன்னாரேம்மா. போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சே."

அப்புறம் அவள் எதையும் பார்க்கவில்லை. ஒரு வருஷத்துத் தொண்டை திறந்துகொண்டது. "எனக்கு இந்த ஊர் வேண்டாம்! இந்த ஜனங்க வேண்டாம்! ஒரு நாள்கூட எனக்கு இங்க பிடிக்கல! என்னை உயிரோட பொதைச்சிட்டீங்களே!"

மதிலுக்கு அப்பால் துணி துவைக்கும் சத்தம் நின்றது.

அவர் போனை அணைத்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "மெதுவாப் பேசு. எனக்குத் தெரியாதா? நீ வாயத் தொறக்காம இருந்தப்பவே தெரியும். இந்த ஊர்ல நீ அதைக் கத்திச் சொல்ல மாட்டேன்னு நெனச்சுத்தான் வித்தேன்."

அவருக்குப் போனது காது மட்டும்தான், அவள் மௌனம் நன்றாகவே கேட்டிருந்தது. காது போனவர் என்று இத்தனை வருஷம் பரிதாபப்பட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மளிகைக் கடைக்காரர் சாமானை மட்டும் கட்டிக் கொடுத்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை, தெருவே அதிரக் கத்தினாலும் கேட்பாரில்லை. மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்து, "ஏதாவது பேசேன்" என்றார்.

அவள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவரிடம் சொல்ல அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.