அண்ணன் வீட்டுக் காற்று

தங்கை தன் சின்ன டர்போ காரின் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம், நான்கு தெரு தள்ளி இருந்த அவள் அண்ணன் வீட்டில் காற்று குறைந்தது. முதலில் ஜன்னல் திரைகள் வெளியே நீண்டு அவளுடைய பட்டறை இருந்த திசையைக் காட்டின. பிறகு மேசைமேல் கிடந்த செய்தித்தாள் எழுந்துபோய்க் கதவிடுக்கில் ஒட்டிக்கொண்டது. கடைசியாக அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. அவள் காலை எடுத்ததும் எல்லாம் பழையபடி ஆனது. அக்கம்பக்கத்தார் சில நாள் வாயைப் பிளந்தார்கள். அதன்பிறகு, பட்டறை திறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுத் திரையை எட்டிப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். அண்ணனும் தங்கையின் கணவனும் ஒரே பட்டறையில் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். அண்ணன் வாய்க்கு, மாப்பிள்ளை கைக்கு. அண்ணனுக்கு வெண்கலக் குரல். பட்டறைக்குள் தும்மினால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். மாப்பிள்ளை பேசியதெல்லாம் எஞ்சினோடுதான். மூன்று சிலிண்டர் குடும்பக் காரை அவனிடம் விட்டால், மலைப்பாதையில் பெரிய வண்டிகளைப் பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த நாள் அதே கார் சமர்த்தாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும். "பவரை எவன் வேணாலும் ஏத்திடுவான், வண்டி வீடு திரும்பணும்ல" என்பான். அவள் அவனிடம் வேலை கற்றுக்கொண்டது அந்த வாக்கியத்துக்காகவே என்றுகூடச் சொல்லலாம்.

மலையேற்றப் பந்தயத்தன்று காலையில், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. புதுக் குழாய் வர மதியமாகும் என்றார்கள். அண்ணனுக்கு அதுவரை பொறுமை இல்லை. ஓரமாகக் கிடந்த ஒரு பழைய காரிலிருந்து குழாயை உருவி மாட்டிவிட்டு, "புதுசு போட்டாச்சு, ஏறு மாப்ள" என்றான். கடைசி வளைவில் குழாய் பிடுங்கிக்கொண்டது. கனன்றுகொண்டிருந்த டர்போமேல் எண்ணெய் கொட்டி வண்டி பற்றி எரிந்தது. மாப்பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே அண்ணன் ஆரம்பித்தான். "பேராசைங்க. பூஸ்டைக் கன்னாபின்னான்னு ஏத்தி வச்சிருந்தான். நான் தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாத்தானே!" அந்தக் குரல் போகாத தெரு இல்லை. உடல் வீட்டைவிட்டுப் போவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. மாப்பிள்ளை கைவைத்த கார்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து, அவன் செய்ததையெல்லாம் கழற்றிவிடச் சொன்னார்கள். புருஷன் போனதற்கு அழுதவள், இதற்கு அழவில்லை. இதற்கு அவளுக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வண்டியை அவள் தன் வீட்டுப் பின்கட்டுக்கு இழுத்துவரச் செய்தாள். கரிக்குள் கைவிட்டுத் துழாவியபோது, எண்ணெய்க் குழாயைப் பிடித்திருந்த இரும்பு வளையம் கிடைத்தது. அதன் திருகின் தலை கீழ்ப்பக்கமாக இருந்தது. திருகைக் கீழே பார்த்து முறுக்குவது அண்ணனின் கைப்பழக்கம். அதற்காக மாப்பிள்ளை அவனை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் போனாள். "நான்தான் போட்டேன்னு ஊரறியச் சொல்லு. அது போதும் எனக்கு" என்றாள். அண்ணன் வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, சாக்கடையில் எறிந்துவிட்டு, "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றான், தெருவுக்கே கேட்கும்படியாக.

அன்றைக்கே அவள் தனியாகப் பட்டறை போட்டாள். எரிந்த காரின் எஞ்சினைப் பிரித்து, உள்ளே தாங்கக்கூடியதை வைத்துக்கொண்டு தாங்காததைத் தூக்கிப் போட்டாள். அழுத்தத்தைத் தாங்குகிற பிஸ்டன், காற்றைக் குளிரவைக்கப் பெரிய கூலர், எண்ணெய்க்குப் பின்னல் கம்பி சுற்றிய புதுக் குழாய் எல்லாம் மாட்டி, எஞ்சினை வேறொரு சின்னக் காரில் ஏற்றினாள். டர்போ என்பது ஒன்றும் தேவரகசியம் இல்லை. வீணாகப் போகிற புகையால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. திணிக்கிற அழுத்தத்துக்குப் பேர் பூஸ்ட், அவ்வளவுதான். எந்த வெளியிலிருந்து என்று யாரும் கேட்டதில்லை. முதல் ஓட்டம் முடிந்து காற்று வடிகட்டியைக் கழற்றியபோது, அதில் அண்ணன் வீட்டுத் திரையின் நீல நூலும், அண்ணன் பூசும் தைலத்தின் வாசனையும் இருந்தன. அவள் மோந்து பார்த்தாள், தட்டிவிட்டாள், திரும்ப மாட்டினாள். மறுநாள் பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றினாள்.

அண்ணன் வீட்டில், காற்று மெலிந்த மலையுச்சியில் நடப்பதுபோல, அடுப்பில் வைத்த தண்ணீர் சட்டென்று கொதித்தது, உருளைக்கிழங்கு மட்டும் வேகவே இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாகக் குழிந்தன. அண்ணி மூச்சிரைக்க நடந்தே பட்டறைக்கு வந்தாள்.

"ஏம்மா, கிழங்கு வேகாத வீட்ல நான் எப்படிக் குடும்பம் பண்றது?"

"நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுங்க அண்ணி. உங்க மூச்சு எனக்கு வேணாம்."

அண்ணி வண்டியின் முன்மூடிமேல் கையை வைத்தாள். "அவர் என்ன செஞ்சார்னு எனக்கும் தெரியும். நான் சொன்னா, பொண்டாட்டி கோவத்துல பேசறான்னுவாங்க. அவர் வாயால வரணும்" என்றாள். சாயங்காலமே பெட்டியோடு கிளம்பிவிட்டாள். வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான்.

இனி யாருக்காகப் பார்க்க வேண்டும்? தங்கை பூஸ்டை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள். அண்ணனின் குரல் தெருவிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கூடத்துக்கும் சுருங்கியது. அவள் காதுக்கு அது தேனாக இருந்தது, அதனால் எஞ்சின் போட்ட சத்தம் காதில் விழவில்லை. உள்ளே டொக் டொக்கென்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அது சொல்லிப் பார்த்தது. பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து, ஒருநாள் மலையடிவாரத்தில் பிஸ்டன் இரண்டாகப் பிளந்தது. வண்டி படுத்துவிட்டது. அது படுத்திருந்த காலமெல்லாம் அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான், சதை போட்டான், கடைத்தெருவில் நின்று மறுபடி ஆரம்பித்தான். "பாத்தீங்களா? புருஷன் மாதிரியே பொண்டாட்டி. பேராசை."

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான் அவள் ஒழுங்காக வேலை பார்க்க உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் ஏற்றினால் உடையும், உடைந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். அவளுக்கு வேண்டியது ஒருநாள் பவர் அல்ல, ஆயுளுக்கும் தாங்குகிற பவர். பூஸ்டைப் பாதிக்கு இறக்கினாள். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தாள். பெட்ரோலைத் தாராளமாக விட்டாள். எண்ணெயைக் கெடுவதற்கு முன்பே மாற்றினாள். மலையேறி வந்தால் உடனே நிறுத்தாமல், டர்போ சூடு ஆறும்வரை வண்டியை நின்றவாக்கில் ஓடவிட்டாள். அந்த எஞ்சின் அதற்குப் பிறகு மக்கர் பண்ணியதே இல்லை. அண்ணனுக்கும் மூச்சு ஒரேயடியாகப் போகவில்லை. வண்டி ஓடும் நேரமெல்லாம் மாடிப்படி ஏறி வந்தவனைப் போல இருந்தது. இப்படியே சில வருஷம் போயிற்று.

அண்ணன் புகார் கொடுத்தான். வாகன ஆய்வாளர் வந்தார், புகையை அளந்தார், சத்தத்தை அளந்தார். எல்லாம் அளவுக்குள் இருந்தது. காற்று எந்த வீட்டிலிருந்து வரலாம், வரக்கூடாது என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம், அவள் சாப்பிடப் போயிருந்த சமயம் பார்த்து, அண்ணன் பட்டறைக்குள் நுழைந்து காரைக் கிளப்பிக்கொண்டு போனான். மலைமேல் கொண்டுபோய்ப் பள்ளத்தில் உருட்டிவிடுவது அவன் திட்டம். வீட்டில் ஆள் இல்லாததால், வண்டி காற்றை ஆளிடமிருந்தே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மிதிக்கும் அவன் நெஞ்சிலிருந்து ஒரு வாய்க் காற்று போனது. பாதி மலைகூட ஏறவில்லை, கண் இருட்டிக்கொண்டு வர, ஓரம் கட்டினான். பயத்தில், எத்தனையோ வாடிக்கையாளரைத் தானே திட்டித் தீர்த்திருந்த அந்தத் தப்பைச் செய்தான். சூடு ஆற விடாமல், சாவியைத் திருப்பி எஞ்சினைப் படாரென்று அணைத்தான். அவனுடைய மூச்சு மொத்தமும் டர்போவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது சுற்றிலும் கூட்டம். அண்ணன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் அசைந்தது, கை அசைந்தது, நெஞ்சு அசையவில்லை. டாக்டர் கண்ணாடியை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "மூச்சு இல்லை. மத்தபடி நல்லாத்தான் இருக்கார்" என்றார். தங்கை கதவருகே குனிந்து, சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே சொடுக்கில் எழுந்து சீராக ஓடியது. அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"சொல்லு" என்றாள். அவள் விரல் சாவியை விடவில்லை.

"குழாய்... பழசு. நான்தான் போட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

பழைய வெண்கலக் குரலிலேயே வந்தது. மலையில் பட்டு அடிவாரம்வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மாப்பிள்ளையின் வேலையைக் கழற்றச் சொன்னவர்கள். அவள் கண்ணிலிருந்து அப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை காத்திருந்து, எஞ்சினை அணைத்தாள்.

மூச்சு அண்ணனிடம் திரும்பிப் போகவில்லை. சூட்டில் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். அன்றிலிருந்து அந்த வண்டி ஓடும்போது மட்டுமே அண்ணனுக்கு மூச்சும் பேச்சும் உண்டு. மற்ற நேரம் அவன் பட்டறையில் சும்மா உட்கார்ந்து, திருகுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டான். மாப்பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால், அவள் எஞ்சினை எழுப்புவாள், அவன் சொல்வான், அவள் அணைப்பாள். வாரம் ஒருமுறை அண்ணி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீட்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டு போனாள். ஊர்க்காரர்கள் கார் சர்வீசுக்கு விட வரும்போது, வண்டி ஓடினால் அவனுக்கும் ஒரு வணக்கம் சொன்னார்கள்.

ஒருநாள் அண்ணி எழுந்து போன பிறகு, எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "போதும்மா. மன்னிச்சிடு. நிறுத்தறதானா ஒரேயடியா நிறுத்திடு."

தங்கை தலையைச் சாய்த்து எஞ்சினைக் கவனித்தாள். ஓட்டத்தில் ஒரு இம்மி நடுக்கம் இருந்தது. முன்மூடியைத் திறந்து, காற்றுக் குழாயின் வளையத்தை லேசாக முறுக்கினாள். நடுக்கம் நின்றது.

"இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.