வீரமுத்து காரின் இடப்பக்கக் கண்ணாடி

1

இந்தக் கதை சூரத்தில் பிறந்தது. நான் இங்கே ஒரு நூல் மில் கேண்டீனில் வேலை செய்கிறேன். மேனேஜரின் பழைய காரில் பவர் விண்டோ இறங்கவில்லை. ஆளாளுக்கு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் பழுது பிடிபட்ட விதம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. (எப்படி என்பது நான்காம் பகுதியில்.) சொல்லிச் சிரிக்கலாமென்று திரும்பினேன். பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் அந்தக் காரை மனதிலேயே எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்வராயன் மலைக்கு ஓட்டிக்கொண்டு போய் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: கள்ளக்குறிச்சிச் சாலையில் இடஒதுக்கீடு கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள்—

அந்த வரியை அடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஒரு கார் கண்ணாடி எம்மாத்திரம்? அந்தச் சாலை மறியலை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன்.* மலை மேலே, வெள்ளிமலையில், ஒரு டீக்கடை வாசலிலிருந்து தொடங்குகிறேன். கடை அமிர்தத்தின் அப்பாவுடையது. அமிர்தம் புருசனிடம் கோபித்துக்கொண்டு இங்கே வந்து மூன்று மாதமாகிறது. புருசன் வீரமுத்து சங்கராபுரத்திலிருந்து வந்து நிற்கிறான்.

“நாளைக்கி மறியலாம். பஸ்சு எப்ப ஓடுமோ தெரியாது. அதான் வண்டிய எடுத்துக்கினு வந்தேன்.”

“யாரு கூப்ட்டாங்க?”

“உங்கப்பாதான் போன் பண்ணாரு.”

“அப்ப அவர ஏத்திக்கினு போங்க.”

*எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம் எதுவும் முதலில் பஸ் நிற்பதாகத்தான் வீட்டுக்கு வந்து சேரும்.

3

கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். குடி, அடி என்று யோசித்தேன். வீரமுத்துவுக்குப் பொருந்தவில்லை. இவ்வளவுதான் நடந்தது: இந்தப் பழைய காரை வாங்கிய புதிதில் வீரமுத்துவின் அண்ணன்கள், அண்ணிகளோடு மலையிறங்கினார்கள். முன்சீட்டில் அமிர்தம். அவளுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். “தூசி வரும், சும்மா இரு” என்றான். புடவையெல்லாம் வாந்தி. பின்சீட்டில் சிரித்தார்கள்.

[சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.]

4

“கண்ணாடிய இறக்குங்க. அப்பறம் பேசலாம்” என்றாள்.

வீரமுத்து உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி ஸ்விட்சை அமுக்கினான். ஒன்றுமில்லை. மோட்டார் சத்தமும் இல்லை. உள் விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி அமுக்கினான். கண்ணாடி சிக்கிக்கொண்டிருந்தால் மோட்டார் முக்கும், விளக்கு கொஞ்சம் மங்கும். மங்கவில்லை. கரண்டே போகவில்லை என்று அர்த்தம். பின்கதவு ஸ்விட்சைக் கழற்றி இதில் மாட்டினான். அதுவும் சரிப்படவில்லை. கதவின் மேல் இரண்டு குத்து விட்டான்.

“என்ன அடிக்கிறதா நெனச்சி அடிக்கிறீங்களா?”

“ஏ, நீ ஒண்ணு.”

வந்தவனுக்கு டீயாவது கொடுக்க வேண்டும் இல்லையா. டம்ளரோடு வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தாள். அவன் கட்டைவிரல் டிரைவர் பக்கத்தில் அதே கண்ணாடிக்கு இருக்கும் ஸ்விட்சில் இருந்தது. கதவு பாதி திறந்ததும் கண்ணாடி விறுவிறுவென்று இறங்கியது.

“அய்ய, இன்னாது இது?”

“சாத்து. மறுபடி தொற.”

சாத்தினால் செத்துப்போகிறது. திறந்தால் உயிர் வருகிறது.

“கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் கொழா இருக்குல்ல, அதுக்குள்ள ஒயர் அறுந்துகெடக்கு. தொறந்தா முனை ஒட்டுது, சாத்துனா வுட்டுடுது.”

அமிர்தம் டம்ளரைக் கொடுக்கவில்லை.

“அன்னிக்கும் இது இப்பிடித்தான் இருந்துச்சா?”

வீரமுத்து ஸ்விட்சிலிருந்து கட்டைவிரலை எடுத்தான்.

“தூசி வரும்னீங்க?”

“அண்ணிங்கல்லாம் பின்னாடி இருந்தாங்க. ஓட்ட வண்டிய வாங்கிக்கினு வந்துட்டான்னு சொல்வாங்கன்னு...”

“அதுக்கு என்ன வாந்தியெடுக்க வுட்டீங்க.”

“ஆமா.”

“மூணு மாசமா நான் இன்னான்னு நெனச்சிக்கினு கெடந்தன் தெரியுமா? எம்மேல எரக்கமே இல்லாத ஆளுன்னு. வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

அமிர்தத்தின் கண்கள் கலங்க—

இல்லை. அவள் அழுகிறவள் இல்லை. சிரித்தாள் என்று எழுதினேன். அதையும் எடுத்துவிட்டேன். டீயைக் கொடுத்தாள் என்பது மட்டும் உறுதி.

5

ஒரு முடிவு: வீரமுத்து ரப்பர் குழாயைப் பிரித்து ஒயரை முறுக்கி ஒட்டுகிறான். எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கேட்டது ரிப்பேரை அல்ல.

இன்னொன்று: கோபம் போகாமல் அவனைத் தனியாக அனுப்பிவிடுகிறாள். இதை எழுதிவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நிலவரம் இது. டம்ளர் காலி. கண்ணாடி முழுசாக இறங்கியிருக்கிறது, குளிர்காற்று உள்ளே வருகிறது. கதவு திறந்திருக்கிறது, அமிர்தத்தின் கை அதன்மேல் இருக்கிறது. கார் கிளம்ப வேண்டுமென்றால் அதைச் சாத்தியாக வேண்டும். உள்ளே உட்கார்ந்து இழுத்தும் சாத்தலாம், வெளியே நின்று தள்ளியும் சாத்தலாம். வீரமுத்து ரோட்டைப் பார்க்கிறமாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். “வா” என்று மட்டும் கேட்கத் தெரியவில்லை அவனுக்கு. எனக்கும் அதை அவன் வாயில் வைக்கத் தெரியவில்லை.

நீங்கள் சாத்துங்கள். எந்தப் பக்கம் நின்று சாத்தினாலும் மெதுவாகச் சாத்துங்கள்.