பாய்லரில் நிற்காத தண்ணீர்

"வெந்நீர் வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லு."

பெரியம்மா ரிக்மோர் இதைக் கேட்டது அக்டோபர் கடைசியில். ஒரு கால் கேரவனின் படியிலும் ஒரு கால் வெளியே சேற்றிலுமாக நின்றிருந்தாள். டில்டேவுக்குத் தெரிந்தவர்களிடம்கூடப் பேச்சு எளிதில் வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதே, வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான். ஆனால் அன்றைக்குப் பதில் சட்டென்று வந்துவிட்டது.

"வருது, பெரியம்மா."

வரவில்லை. சாயங்காலம் நிரப்பிய தண்ணீரெல்லாம் காலையில் வண்டிக்கடியில் குட்டையாகக் கிடந்தது. பாய்லர் காலி.

பெரியம்மா அதை ஏன் கேட்கிறாள் என்பது டில்டேவுக்கு நன்றாகத் தெரியும். அம்மா விபேக்கேவின் விரல் மூட்டுகள் இரண்டு வருடமாக வீங்கிப் போயிருந்தன. காலையில் வெந்நீரில் கைகளை ஊற வைத்தால்தான் விரல் மடங்கும், சட்டைப் பொத்தான் போட முடியும். அப்பா நார்வேக்குப் போய் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்ட பிறகு, வீட்டை விற்றதில் மிஞ்சியது இந்தப் பழைய கேரவன் ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து, கடல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் ஃபியோர்டின் கரையில், கோடையில் கூடாரம் போட வருகிறவர்களுக்கான திடலில் நிறுத்தியிருந்தார்கள். கோடை முடிந்ததும் திடலின் குளியலறைகளைப் பூட்டிவிட்டார்கள். வெந்நீர் இல்லாத வண்டியில் தங்கையைப் பனிக்காலம் முழுக்க விட்டுவைக்க ரிக்மோருக்கு மனமில்லை. ஸ்கீவ ஊரில் அவள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் இருந்தது.

ஆனால் அந்த வீடு இருந்த குடியிருப்பு ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும். இளவயதுக்காரர்கள் விருந்தாளியாக ஓரிரு இரவு தங்கலாம், குடிவர முடியாது. அம்மா போனால் டில்டே தனி.

அதனால் பொய் சொன்னாள். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டிய வேலை அன்றைக்கே தொடங்கியது.

பாய்லர் இருந்தது அம்மாவின் படுக்கைக்கு அடியில். மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டாள். ஒரு ரப்பர் குழாயை இறுக்கியிருந்த பட்டை துருப்பிடித்துத் தொட்டதும் உதிர்ந்தது. மட்டிச் சிப்பி பதப்படுத்தும் ஆலையில் வேலை முடிந்து வரும் வழியில் புதுப் பட்டை வாங்கிவந்து முடுக்கினாள். கசிந்துகொண்டிருந்த வாஷரை மாற்றினாள். எங்கே சொட்டுகிறது என்று பார்க்க, பாய்லருக்கு அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி வைத்தாள்.

மறுநாள் தாள் காய்ந்த சருகாக இருந்தது. பாய்லரில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. உள்ளே ஒழுகவில்லை, ஆனாலும் நிற்கவில்லை. யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். பனிக்காலத்திலும் திடலைவிட்டுப் போகாதவர் ஒருவர்தான். மட்டிப் படகில் வேலை பார்த்து ஓய்ந்த பிரேபன், சற்றுத் தள்ளித் தன் வண்டியில் தனியாகக் குடியிருந்தார். அவர் வண்டிவரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தாள். மூன்றாம் தடவை கதவை அவரே திறந்துவிட்டார்.

"என்ன பொண்ணே, என் கதவுக்குக் காவல் இருக்கியா? உள்ள வா, காபி ஆறுது."

திக்கித் திணறிச் சொன்னாள். பிரேபன் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உள்ள நனையலைன்னா அது ஒழுகல் இல்லை. பயம்."

"பயமா?"

"குளிர் பயம். பாய்லருக்குக் கீழ ஒரு வால்வு இருக்கும், தலையில குமிழ் வெச்சது. சுத்தி குளிர்ந்துபோச்சுன்னா, உள்ள தண்ணி உறைஞ்சு பாய்லர் வெடிச்சிரக் கூடாதேன்னு அந்தக் குமிழ் தானா கீழ விழும். இருக்கற தண்ணியெல்லாம் வெளிய கொட்டிரும். உங்கம்மா கட்டிலுக்கடியில ஹீட்டர் சூடு எட்டாது. அதான் தினமும் கொட்டுது."

"அப்ப என்ன பண்றது?"

அவர் கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை உருவி மேசைமேல் போட்டார்.

"குமிழை மேல தூக்கி, கழுத்துல இதை மாட்டு. அப்புறம் அதால விழ முடியாது. இங்க குளிர்காலத்துல நின்ன வண்டி எல்லாத்துலயும் இதுதான். ஆனா ஒருத்தனும் வெளிய சொல்ல மாட்டான்." பிறகு விரலை ஆட்டினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ஹீட்டர் ஓடிட்டே இருக்கணும். அதை நிறுத்தினா கிளிப்பைக் கழட்டிரு. இல்லேன்னா பாய்லருக்குச் சங்குதான்."

மறுநாள் காலையில் குழாயைத் திறந்தபோது முதலில் காற்று சீறியது, பிறகு ஆவியோடு தண்ணீர் வந்தது. அம்மா பிளாஸ்டிக் தொட்டியில் கைகளை விட்டவள் சட்டென்று வெளியே இழுத்தாள்.

"அடியே, சுடுதுடி!"

"பச்சைத் தண்ணி கலக்கட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். சுடட்டும்."

கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் ஆவி படிந்து ஃபியோர்ட் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிவதை டில்டே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அம்மாவே ரொட்டி அறுத்தாள். கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி, மேலே பீட்ரூட் துண்டுகளை அடுக்கி, மகளிடம் நீட்டினாள்.

"ரிக்மோர் வீட்டுல சாயங்காலம் ஆச்சுன்னா எல்லாரும் ஒரே கூடத்துல உக்காந்து சாப்பிடணுமாம். சாப்பிட்டதும் புஸ்தகத்தைப் பார்த்துப் பாட்டு வேற. நான் என்ன கிழவியா?"

"நீங்க கிழவி இல்லை. பாட்டுதான் உங்களுக்கு வராது."

"போடி." அம்மா சிரித்தாள். "ஆமா, எப்படிடி சரி பண்ணினே?"

கிளிப் என்று சொல்ல வாயெடுத்தாள். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எவ்வளவு அற்பமாக இருக்கும்! அதைக் கேட்டு அம்மா பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா சிரிக்க.

"ஒரு வாஷர் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"என் பொண்ணு!" என்றாள் அம்மா.

நவம்பரும் டிசம்பரும் அப்படியே ஓடின. வண்டிக்கடியில் தரை காய்ந்திருந்தது. கேஸில் ஓடும் ஹீட்டர் இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தது. வெளியே போகும்போதும் டில்டே அதைச் சிறிதாக வைத்துவிட்டுத்தான் போவாள். அம்மாவுக்குப் போக்கிடம் ஏதும் இல்லாததால் வண்டி ஒருநாளும் ஆளில்லாமல் இருக்கவில்லை.

ஜனவரியில் அம்மாவுக்கு வீபோர் ஆஸ்பத்திரியில் மருத்துவரைப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். ரிக்மோர் காரில் வந்தாள். ஆஸ்பத்திரி முடிந்து அன்றிரவு அவள் வீட்டில் தங்கி, மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. டில்டே ஹீட்டரைச் சிறிதாக வைத்தாள், மூட்டைகளைக் காரில் ஏற்றினாள். அம்மா கைத்தடியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். கார் திடலின் வாயிலைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது.

"ஆள் இல்லாத வண்டியில கேஸைத் திறந்து போட்டுட்டுக் கிளம்பிட்டியேடி," என்றாள் அம்மா, முன்னால் பார்த்தபடியே. "நல்லவேளை, நான் போய்ப் பார்த்தேன். சிலிண்டரை மூடிட்டேன்."

"வண்டி வெடிச்சிருந்தா ஊருக்கே வெந்நீர் கிடைச்சிருக்கும்," என்றாள் ரிக்மோர்.

இருவரும் சிரித்தார்கள். பின்னிருக்கையில் டில்டே திரும்பி, பின்கண்ணாடி வழியே திடலைத் தேடினாள்.

கேஸ் இல்லாமல் ஹீட்டர் அணைந்திருக்கும். கிளிப் மாட்டியபடி இருக்கும். வானத்தில் ஒரு மேகம் இல்லை; மேகமில்லாத இரவில்தான் எல்லாம் உறையும். அதை ஃபியோர்டின் கரையில் வளர்ந்த எந்தக் குழந்தையும் சொல்லும். காரைத் திருப்புங்க. அதைச் சொன்னால் போதும். ஏன் என்று பெரியம்மா கேட்பாள். கிளிப் என்று சொல்லவேண்டும். என்ன கிளிப்? அப்ப வாஷர்னு சொன்னது? அப்ப அக்டோபர்ல வருதுன்னு சொன்னது? ஒவ்வொன்றாக அவிழும். அவிழ்ந்தால் அம்மாவை இன்றைக்கே அந்த அறையில் இறக்கிவிடுவாள்.

வழியில் ஸ்பெட்ரூப் தேவாலயம் வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வெள்ளைக் கோபுரம் வந்தது, போனது. அடுத்த திருப்பம் வரட்டும் என்று நினைத்தாள். ஒரு ராத்திரிதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். பிறகு ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பெரியம்மாவின் குடியிருப்பில் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள், புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். அம்மா வாயை மட்டும் அசைத்தாள். பெரியம்மா வீட்டுத் தொட்டியில் நெடுநேரம் வெந்நீரில் கிடந்துவிட்டு, முகம் சிவந்து வெளியே வந்தவள், தலையைத் துவட்டிக்கொண்டே மகளின் காதோரம் குனிந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீடு மாதிரி வராதுடி. நாளைக்குப் போயிரலாம்."

டில்டே தலையாட்டினாள்.

மறுநாள் ரிக்மோர் அவர்களை இறக்கிவிட்டுவிட்டுப் போய்விடவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் வண்டிக்குள் ஏறி, அம்மாவின் படுக்கைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"காட்டு, பாப்போம். வந்துச்சுன்னா ஏப்ரல் வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்."

"உன்னால முடியாதது அது ஒண்ணுதான்," என்றாள் அம்மா, படுக்கையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு.

அம்மா உட்கார்ந்திருப்பதால் டில்டேவால் பலகையைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. கேஸைத் திறந்து ஹீட்டரைப் பற்றவைத்தாள். மூச்சு விட்டால் புகையாக வந்தது. குழாய்கள் இளகும்வரை கோட்டோடு உட்கார்ந்து காபி குடித்தார்கள். பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியின் நாயைப் பற்றிப் பேசினாள். அம்மா சிரித்தாள். படுக்கைக்கடியில் ஏதோ பட்டென்று தெறித்தது; அதை டில்டே மட்டும்தான் கேட்டாள்.

"இப்ப திறடி," என்றாள் அம்மா. பெருமையாக அக்காவைப் பார்த்தாள்.

திறந்தாள். பம்ப் உறுமியது. குழாயில் ஒன்றும் வரவில்லை. பம்ப் நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"விபி," என்றாள் ரிக்மோர் தங்கையிடம் மெதுவாக, "என் காலடியில தண்ணி."

படுக்கைக்கடியிலிருந்து அது தரை முழுக்கப் பரவி வந்தது. டில்டே பம்ப்பை நிறுத்தினாள். அம்மாவை எழுப்பி, மெத்தையைத் தள்ளி, பலகையைத் தூக்கினார்கள். பாய்லரின் வயிற்றில் விரல் நுழையும் அகலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீரும் பனித்துண்டுகளுமாக அம்மாவின் கம்பளி உடைகள் வைத்திருந்த பையின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டு பெரியம்மா போட்ட கூச்சலைக் கேட்டு பிரேபன் ஓடிவந்தார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். வால்வின் கழுத்தில் கிளிப் அப்படியே இருந்தது.

"கிளிப்போட கேஸை மூடிட்டீங்களா? சொன்னேனே பொண்ணே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"என்ன கிளிப்?" என்றாள் ரிக்மோர்.

பிரேபன்தான் எல்லாவற்றையும் சொன்னார். வால்வு, குளிர், அக்டோபர், ஹீட்டர். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், இந்த மாதிரிப் பாய்லர் இப்போது கடையில் கிடைக்காது, பனி விட்டபிறகு பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில்தான் தேடவேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

"கேஸை மூடினது நான்," என்றாள் அம்மா.

"உனக்கு என்னம்மா தெரியும்? ஆளில்லாட்டி எல்லாரும்தான் மூடுவாங்க," என்றாள் ரிக்மோர். டில்டேவின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருப்பியிருப்பேனேடி. ஸ்பெட்ரூப்கூடத் தாண்டலையே நாம."

அம்மா மகளைப் பார்த்தாள்.

"கார்ல உன்கிட்டதானே சொன்னேன்."

"அம்மா, நான்…"

நீங்கள் போய்விடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்பதை எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டமாட்டாளா என்று அம்மாவின் வாயையே பார்த்தாள். மூதேவி என்றாவது சொல்லட்டும். கன்னத்தில் ஒன்று வைக்கட்டும்.

அம்மா திரும்பி, நனையாத உடைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். குளிரில் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அள்ளி அள்ளிப் பையில் போட்டாள். உதவப் போன டில்டேவின் கையை விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. மருந்து டப்பாக்களை ரிக்மோர் எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிச்சு வா. ரெண்டு ராத்திரி தங்கலாம், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றாள் பெரியம்மா, பையைத் தோளில் மாட்டியபடி. "ஹீட்டரை நிறுத்தாதே. சாப்பிடு."

அவள் முன்னால் போய்க் காரைக் கிளப்பினாள். டில்டே தரையில் மண்டியிட்டு, துணியால் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வழி. அம்மா ஈரத் தரையில் கைத்தடியை ஊன்றி, மகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றாள். டில்டே பிழிந்துகொண்டிருந்த துணியைப் பிழியாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கைத்தடி படியில் இறங்கியது. கால்கள் இறங்கின. ஒரு வார்த்தையும் பேசாமல் அம்மா போய்க் காரில் ஏறினாள்.