இந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்

1.

இந்தக் கதை துணி மடிக்கும்போது கிடைத்தது. நேற்று நானும் மருமகளும் கட்டிலில் துணியைக் குவித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தோம். தலையணை உறைக்கு ஜோடி தேடிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அத்தை, இனிமே மாசாமாசம் ஒரு வாரம் எங்கம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டுமா?"

"ஏம்மா, அவனோட சண்டையா?"

"ஐயோ, இல்ல. அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது."

"பின்ன என் சமையலா?"

"அதுக்கெல்லாம் பழகிட்டேன் அத்தை."

(இந்தப் பதிலைப் பற்றி அவளிடம் பிறகு தனியாக விசாரித்துக்கொள்கிறேன்.)

கடைசியில் சொல்லிவிட்டாள். பீரியட்ஸ் நாட்களில் பயன்படுத்திய நாப்கினை இந்த வீட்டில் எங்கே போடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் போட முடியாது. மாமா பிரித்துப் பார்ப்பார்.

மாமா என்றால் என் கணவர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தைப் பார்த்துப் பழகிய கண் வீட்டில் குப்பையைப் பார்க்கும். எங்கள் வீட்டில் மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காததற்கு ஒரு தொட்டி. காலையில் கையுறை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்காருவார். எந்தப் பொட்டலம் இருந்தாலும் பிரித்து, உள்ளே இருப்பதை அதற்குரிய தொட்டிக்கு அனுப்புவார். எங்கள் பெண் பள்ளியில் படித்த காலத்தில் யாரோ உடைந்த கண்ணாடியைப் பொட்டலம் கட்டிப் போட்டு, குப்பை எடுக்க வரும் அம்மாவின் விரல் கிழிந்ததிலிருந்து வந்த பழக்கம். நல்ல மனசுதான். அதனால்தான் யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

எனக்கும் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் கடனைப் பற்றிப் பேசியிருக்கிறோம், அவருடைய மூலத்தைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறோம். இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

அதனால் ஒரு வேலை செய்கிறேன். இணையத்தில் எங்கள் கதைக் குழுவில் நான் போடும் எதையும் முதலில் தாளில் எழுதி அவரிடம் கொடுப்பேன், திருத்தித் தருவார். இதையும் கதையாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். படித்தால் அவருக்கே புரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டாம். கதையை மட்டும்தான் அவரிடம் காட்டுவேன். உங்களோடு பேசுவதெல்லாம் தனித் தாளில். சதுர அடைப்புக்குறிக்குள் வருவது அவருடைய கையெழுத்து. அதை அழிக்கப் போவதில்லை.

போடுவதற்கு முன் மருமகளிடமும் காட்டுவேன். அவள் வேண்டாம் என்றால் நீங்கள் இதைப் படிக்கவே மாட்டீர்கள்.

2.

தொடக்கம்தான் தகராறு.

ஓய்வு பெற்ற பிழை திருத்துபவர் ஒருவர் தினமும் குப்பையை

இது வேண்டாம். அப்பட்டம்.

பெண்ணாகப் பிறந்தால் எத்தனை எத்தனை

இதுவும் வேண்டாம். மேடையில் ஏறி மைக் பிடித்த மாதிரி இருக்கிறது. மூன்றாவதாக எழுதியதைத்தான் அவரிடம் கொடுத்தேன்:

அந்த மாமனாருக்கு முறுக்கு மீசை. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பை விஷயத்தில் மகா கறார். தொட்டியில் எந்தப் பொட்டலம் விழுந்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். [பொறுப்பான மனிதர். வீட்டுக்கு ஒருவர் இப்படி இருந்தால் போதும். பாராட்டி ஒரு வரி சேர்.]

என் கணவருக்கு மீசை கிடையாது. கப்பல் என்ன, பஸ்ஸில் ஏறினாலே ஜன்னல் ஓரம் கேட்பவர். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று மாற்றினேன். ரொம்பத்தான் மாற்றிவிட்டேன் போலிருக்கிறது.

3.

இனி வருவது நிஜமாகவே நடந்தது. மருமகள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

அந்த வீட்டு மருமகளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பிளாஸ்டரில் எடுத்த பல் அச்சைச் சரிபார்த்து, தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு மேசையில் வைப்பாள். டெலிவரி அண்ணன் வந்து டாக்டர்களிடம் கொண்டுபோவார். வீட்டில் போட இடமில்லாததால் நாப்கினையும் அவள் தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கைப்பையில் வைத்து லேபுக்கு எடுத்துவந்து அங்கே போடுவாள். அன்று ஏப்ரன் மாட்டுவதற்காக அதை ஒரு நொடி மேசையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தால் காணோம். டெலிவரி அண்ணன் பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே! நில்லுங்க! அந்தப் பல் இன்னும் ரெடியாகல!"

"எதும்மா?"

"அந்த... சின்னது."

அவர் கையில் எடுத்து எடை பார்த்தார். "அதான் பஞ்சு மாதிரி லேசா இருக்கேன்னு அப்பவே நினைச்சேன். யாருக்கும்மா இது, குழந்தைக்கா?"

[சிரித்துவிட்டேன். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. பாவம் அந்தப் பெண். ஒரு வீட்டில் இதற்கென்று ஒரு தொட்டி வைக்க மாட்டார்களா? அந்த மாமியார் என்ன செய்துகொண்டிருந்தாள்?]

4.

பார்த்தீர்களா! பல் லேபை மாற்றாமலே எழுதியும் அது எங்கள் வீடு என்று அவருக்கு உறைக்கவில்லை. நான் அவரைப் பிடிக்கப் போட்ட வலையில் நான் மாட்டிக்கொண்டேன். போதாததற்கு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"இந்தா பாரு, உன் கதையில அந்த மாமியார் பாத்திரம் சரியில்ல."

"ஏனாம்?"

"அவளும் அதே வீட்டுலதானே இத்தனை வருஷம் இருந்திருக்கா? புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தாளு என்ன புலியா, சிங்கமா?"

"புலியா இருந்தா சண்டை போட்டிருப்பா. நல்ல மனுஷன். அதான் கஷ்டம்."

"நல்லவன்கிட்ட சொல்ல என்ன கஷ்டம்? கதையில லாஜிக்கே இல்ல. போய் முடிவ எழுது."

தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மருமகளின் பை ஹாலில் தயாராக நிற்கிறது, நாளைக்குக் கிளம்புகிறாள். ஒரு வாரம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் மாதம் ஒரு வாரம் விருந்தாளி மாதிரி வெளியே போகிற வீடு எப்படி அவள் வீடாகும்?

5.

முடிவுகள்.

(அ) மீசைக்காரர் அந்தப் பொட்டலத்தையும் பிரிக்கிறார். மயங்கி விழுகிறார். தண்ணீர் தெளிக்கிறார்கள். சினிமா. அடித்துவிட்டேன்.

(ஆ) மருமகள் நடுவீட்டில் நின்று, "இது குப்பையில்ல மாமா, என் மானம்!" என்கிறாள். குழுவில் எல்லாரும் இதயம் போடுவார்கள். ஆனால் எங்கள் மருமகள் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் ஸாரி சொல்கிறவள். அவள் வாயில் இந்த வசனம் ஒட்டாது.

(இ) மாமியார் சொல்லிவிடுகிறாள். எப்படிச் சொல்வாள்? "என்னங்க, அந்தப் பொட்டலத்தை மட்டும்

இதற்கு மேல் பேனா நகரவில்லை. பேசிப் பார்த்தால் வருமோ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"என்னங்க, அந்தப் பொட்டலத்த மட்டும்..."

6.

"மட்டும்?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல, வசனம்."

"சரி, வசனத்தயே முடி. மட்டும் என்ன?"

"பிரிக்காதீங்க."

"நல்லாருக்கே! சிம்பிளா இருக்கு. இதச் சொல்ல அவளுக்கு இவ்வளவு வருஷமாச்சா?"

"ஆமாங்க," என்றேன். ஹாலுக்கே போய் அவர் முன்னால் நின்றேன். "ஆச்சு."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கப்பல்காரனுக்கு மீசைய எடுத்துட்டா... நானா?"

தலையாட்டினேன்.

"அப்ப அந்தப் பல்லு..."

"நம்ம மருமகதான். படியில ஓடினது."

பிறகு, "நம்ம பொண்ணு இங்க இருந்தப்போ?" என்று கேட்டார்.

"ஸ்கூல் பையில வெச்சுக் கொண்டுபோவா."

"நீ?"

"சாப்பாட்டுப் பையில, ஆபீசுக்கு."

"சாப்பாட்டுப் பையிலயா!" என்றவர் எழுந்து நின்றுவிட்டார். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். "நான் எதுக்குப் பிரிச்சேன்? அந்தம்மாவுக்குக் கையில ஏதும் குத்திடக் கூடாதுன்னுதானே?"

"தெரியும்ங்க. எல்லாருக்கும் தெரியும். அதான் யாரும் சொல்லல."

"பிரிக்காம விட்டா, என்னமோ ஏதோன்னு அந்தம்மா பிரிச்சிடுமே?"

"தாள்ல நல்லா சுத்தி, மேல ஒரு அடையாளம் போட்டு, தனியாக் குடுத்தா யாரும் பிரிக்க மாட்டாங்க. மத்த குப்பையில கலக்க வேணாம். டாய்லெட்ல போட்டா அடைச்சுக்கும், எரிச்சா நாறும். தனியா ஒரு தொட்டி, அதுக்கு ஒரு மூடி. அவ்வளவுதான்."

இவ்வளவு எளிதாக அது என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். உடனே கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

7.

மிதித்தால் திறக்கும் தொட்டியாகப் பார்த்து வாங்கிவந்தார். பழைய அச்சுத் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் பெரிய வட்டம் போட்டு, பாத்ரூம் அலமாரியில் அடுக்கினார். அதோடு விட்டாரா? அட்டையில் கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தார்: "இத்தொட்டியில் உள்ள பொட்டலங்களை எவரும் எக்காரணம் கொண்டும்"

"யாரு வீட்டு விசேஷத்துக்கு பேனர்?" என்று பிடுங்கிக்கொண்டேன். "அவ வெக்கத்துல அம்மா வீட்டுல ரெண்டு வாரமாத் தங்கிடப் போறா."

"அப்ப எப்படித் தெரியும் அவளுக்கு?"

"கண்ணு இருக்குல்ல? பார்ப்பா."

சற்றுமுன் மருமகள் வந்துவிட்டாள். முழங்கைவரை பிளாஸ்டர் பொடி. வந்ததும் நேராக பாத்ரூமுக்குத்தான் போவாள், போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் தொட்டி மூடி ஒரு தடவை 'டப்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "போவாளா?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கதை எழுதுறவ நீதானே?"

"எனக்குத் தெரிஞ்ச மூணு முடிவையும் எழுதியாச்சு. இனிமே நீங்க எழுதுங்க."

எல்லாத் தாளையும், உங்களோடு பேசியது உட்பட, அவர் கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தார். மூலம் என்ற இடத்தில் முறைத்தார், ஆனால் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. பிறகு கடைசித் தாளில் எழுதினார்.

[இந்தப் பகுதியில் பிழை இல்லை. முடிவு எழுத எனக்குத் தெரியாது. அச்சகத்தில் பிறர் எழுதியதைத்தான் பார்த்திருக்கிறேன். மருமகள் பை வழியில் நிற்கிறது. எடுத்து உள்ளே வைத்தால் போகாதே என்று நான் சொன்னதாகிவிடும். வாசல் பக்கம் வைத்தால் போ என்றாகிவிடும். ஒரு கையில் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையால் இதை எழுதியபடி நிற்கிறேன். நல்ல கனம். அவள் எந்தப் பக்கம் கை காட்டுகிறாளோ அங்கே வைக்கிறேன். படிக்கிறவர்கள் அதுவரை கொஞ்சம் பொறுக்கவும். பாத்ரூம் தாழ்ப்பாள் திறக்கிறது.]