பின்னால நின்னு கூப்பிட்டா

எனக்குக் கோவம் சுருக்குன்னு வரும். அரிமளம் பக்கத்துல பதினெட்டு வருசமா அங்கன்வாடி டீச்சரா இருக்கேன். அமராவதி டீச்சர் வாராங்கன்னா பிள்ளைக மட்டுமில்ல, பெத்தவங்களும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிப்பாங்க. ஆனா நிலவழகன்கிட்ட மட்டும் நான் குரலை ஒசத்துனதே இல்ல. மூணு வயசுல வந்து சேர்ந்தான். அழ மாட்டான், அடம் பிடிக்க மாட்டான், என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுல கரண்டியால தட்டித்தான் கூப்பிடுவேன். கரண்டியக் கையில எடுத்ததுமே முதல் ஆளா எந்திரிச்சு நிப்பான். பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

இன்னும் பேச்சு வரலையேன்னு அவன் அம்மா பரிமளாவுக்குத்தான் கவலை. நாக்குல வசம்பு தேச்சுப் பார்த்தா. குவைத்துல இருக்கிற அவ வீட்டுக்காரர், "நானும் நாலு வயசுலதான் பேசுனேனாம், விடு"ன்னுட்டாரு. ஆம்பளப் பிள்ளைக்கு லேட்டாத்தான் வரும்னு நானும் சேர்ந்து தாளம் போட்டேன்.

போன வருசம் ஆடி மாசம் ஒருநாள், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவோமேன்னு வெளிய போயி ஜன்னல் பக்கம் நின்னு தட்டைக் கரண்டியால தட்டுனேன். இருபது உருப்படியும் குதிச்சு ஓடுச்சு. இவன் மட்டும் ஜன்னலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு கட்டையை அடுக்கிக்கிட்டே இருந்தான். மத்ததுக ஓடுறதைக் கண்ட பெறகுதான் எந்திரிச்சான். மறுநாளும், அதுக்கு மறுநாளும் பின்னால நின்னு கை தட்டுனேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பல. வந்து சேர்ந்த அஞ்சு மாசமா இந்தப் பிள்ளை கேட்டு நடக்கல, பார்த்து நடந்திருக்கு. அதைப் போயி அடக்கம்னு மெச்சுன என் மேலயே எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

அன்னைக்குக் கூட்டிட்டுப் போக வந்த பரிமளாகிட்ட சொன்னேன்.

"என் பிள்ளையச் செவிடுங்கிறீங்களா டீச்சர்? கோயில் கொட்டுக்கு என்னமா ஆடுறான் தெரியுமா?"

"கொட்டு காலுக்குக் கீழயும் அதிரும் ஆத்தா. நான் எந்தப் பேரும் வைக்கல, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இப்பவே பார்த்தா பேச்சைப் பிடிச்சிரலாம்."

"நாளையிலேருந்து நான் அனுப்பல."

எனக்கும் ஏறிருச்சு. "அனுப்பாட்டிப் போ. ஒரே ஒரு தடவ பின்னால நின்னு கூப்பிட்டுட்டுப் போ."

அவன் வாசல்ல டம்ளர்ல மண்ணள்ளிக்கிட்டிருந்தான். பரிமளா பின்னால போயி "அழகா"ன்னா. அப்புறம் சத்தமா. மூணாவது தடவ கிட்டப் போயிக் கத்துனா, அவன் திரும்பல. அவன் கையில இருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கிட்டே, "காலையில பஸ் எத்தனை மணிக்கு டீச்சர்"னு கேட்டா.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பெருஞ்சத்தம் லேசா விழுது, பேச்சுதான் விழலைன்னாங்க. சின்ன வயசுலயே கொண்டாந்தது நல்லதாப் போச்சுன்னு சொல்லி, ரெண்டு காதுக்கும் மெஷின் வச்சு, வாரம் ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னாங்க. முதல் வாரம் அதைப் புடுங்கி எறியறதே அவனுக்கு வேலை. ஒருநாள் தண்ணிக் குடத்துல போடப் போனவன, எங்க ஆயா முத்துமாரியம்மாள் பாஞ்சு புடிச்சா.

இப்ப எட்டு மாசம் ஆச்சு. அடக்கமாவது ஒண்ணாவது. அடுத்தவன் கட்டையைப் புடுங்குறான், அதட்டுனா கேக்காத மாதிரி இருக்கான். எனக்குக் கோவமும் வருது, சந்தோசமாவும் இருக்கு. வாயிலேருந்து ஒரு சொல்லு வரலையேங்கிறது மட்டும்தான் பாக்கியா இருந்துச்சு.

பரிமளாவுக்கோ புதுசா ஒரு கிறுக்கு. அவனை முன்னால நடக்கவிட்டுப் பின்னால நின்னு கூப்பிடுவா. அவன் திரும்புனா, "ஒண்ணுமில்ல சாமி, போ"ம்பா. நேத்து அங்கன்வாடி வாசல்லயும் அதே கூத்து. கூப்பிட்டா, திரும்புனான். மறுபடி கூப்பிட்டா, திரும்புனான். நாலாவது தடவ பையைக் கீழ போட்டுட்டு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "என்னா"ன்னான்.

பரிமளா அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. அவன் விடல. அவகிட்ட நடந்து வந்து, மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, இன்னும் சத்தமா, "என்னா"ன்னான்.