மேட்டில் காலை எடுக்காதே

வண்டி ஓட்டத் தெரியாத என் அத்தான், மலிவாகக் கிடைத்ததென்று கேனில் பெட்ரோல் வாங்கி வந்து அக்காவின் டர்போ காரில் ஊற்றிவிட்டார். பெரிய அறிவாளி! எஞ்சின் உள்ளே டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. அதன் கம்ப்யூட்டர் மிரண்டுபோய் இழுவையைக் குறைத்துவிட்டது. போன வாரம் மூச்சுத் திணறிய மகளோடு அக்கா மேடேறும்போது, வளைவில் வண்டி இழுக்கவே இல்லை. பிள்ளை பிழைத்ததே பெரும்பாடு. ஆஸ்பத்திரியோ மேட்டுக்கு அந்தப் பக்கம்.

பழையதை வடித்து நல்ல பெட்ரோல் ஊற்றினேன். ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? மேட்டில் அழுத்தி ஓட்டி, இனி எஞ்சின் தட்டாது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டவேண்டும். அப்போதுதான் பிடித்து வைத்த இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் நினைவை ஒரேயடியாக அழிக்கிற மெக்கானிக்குகளும் உண்டு. ஓட்டியே திருத்துவது என் பிடிவாதம்.

ஜாக்கி சரிந்து என் கால் கட்டுப்போட்டுக் கிடந்ததால் அக்காதான் ஓட்டினாள். கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில். கம்ப்யூட்டர் பிடித்து வைத்த அளவு ஆறு என்று காட்டியது, பூஜ்யத்துக்கு இறங்கவேண்டும். அந்த வளைவு வந்ததும் அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

“அழுத்துக்கா. நீயே பயந்தா அது எப்படிக் கத்துக்கும்?”

“உனக்கென்னடா, பெத்தவளுக்குத்தான் தெரியும்.”

திரும்பி வந்து மறுபடி ஏறினோம். மறுபடியும் காலை எடுத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது அத்தான் போன் செய்தார்.

“பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. மருந்து கேக்கல. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம்.”

வீட்டு வாசலில் பிள்ளையோடு அத்தான் பின்னால் ஏறினார். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“டேய், வண்டி கத்துக்கிச்சா?” என்றாள் அக்கா.

திரையில் ஐந்து.

“கத்துக்கிச்சுக்கா. தைரியமா அழுத்து.”

வளைவு வந்தது. வண்டி தயங்கியது. பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. அக்கா காலை எடுக்கவில்லை. நான்கு. மூன்று. முதுகு சீட்டோடு ஒட்டியது. உச்சியைத் தொடும்போது பூஜ்யம்.

“இப்ப நெஜமாவே கத்துக்கிச்சுக்கா!”

வாய் உளறிவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் உதட்டுக்கு நிறம் திரும்பிய பிறகுதான் வெளியே வந்தாள். வந்தவள் என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.